சேல்ஸ்மேன் வீட்டைக் கட்டியது யார்: ஆர்தர் மில்லரா, ஜோ மெல்சீனரா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர், வில்லி லோமன் என்ற விற்பனையாளனையும் அவன் குடும்பத்தையும் பற்றி எழுதிய ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தைப் புத்தகமாகப் படித்திருக்கிறீர்கள். வீடு எப்படி இருக்கிறது, அதன் முதுகில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எப்படி நெருக்கி நிற்கின்றன, எந்த வெளிச்சம் என்ன நிறத்தில் விழுகிறது என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதியவரே இவ்வளவையும் சொல்லிவிட்ட பிறகு, அந்த மேடையமைப்புக்காக மேடை வடிவமைப்பாளர் ஜோ மெல்சீனரை ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்கிறீர்கள். அவர் நடிகராகத் தொடங்கியவர் என்று எங்கோ படித்ததையும் சேர்த்து, அது அவருக்கு உதவியதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் புகழ் யாருக்குச் சேரும் என்ற கேள்வி இது. உள்ளே இருப்பது வேறு: அச்சில் இருக்கும் மேடைக்குறிப்புகள் நாடகம் மேடையேறும் முன் எழுதப்பட்டவையா, ஏறிய பின் எழுதப்பட்டவையா?

பெரும்பகுதி பின்னால் எழுதப்பட்டது. இதில் சந்தேகமில்லை, ஏனென்றால் சம்பந்தப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். மில்லர் முதலில் கற்பனை செய்தது மூன்று வெறும் மேடைத்தட்டுகளை. சமையலறைக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் வேண்டிய கொஞ்சம் சாமான்கள், மற்றக் காட்சிகளுக்கு வெட்டவெளி, அவ்வளவுதான். அதற்கும் முன்னால் அவர் மனதில் இருந்தது இன்னும் விசித்திரமானது: மேடை வாயில் உயரத்துக்கு ஒரு பெரிய முகம், அது திறந்துகொள்ள, ஒரு மனிதனின் தலைக்குள் நடப்பதை நாம் பார்ப்பது. வீடு என்ற ஒன்று எல்லாக் காட்சிகளுக்கும் பின்னால் எப்போதும் நிற்க வேண்டும் என்ற யோசனை மெல்சீனருடையது என்று இயக்குநர் எலியா கசானே பின்னாளில் எழுதியிருக்கிறார். தான் அந்த நாடகத்தை இயக்கிய விதத்துக்கே அதுதான் திறவுகோல் என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் நாடகம் தொடங்கி 742 முறை நடந்தது. நீங்கள் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் மேடைக்குறிப்புகள் அந்த மேடையைப் பார்த்து எழுதிய வர்ணனை.

இதனால் மில்லரின் பெருமை குறையவில்லை. காலத்தை முன்னும் பின்னும் கலந்து, இடைவேளையோ அறிவிப்போ இல்லாமல் ஒருவன் நிகழ்காலத்திலிருந்து பதினைந்து வருடம் பின்னால் நழுவிப் போகலாம் என்ற அமைப்பு முழுக்க அவருடையது. அந்த நழுவலை 1,000 பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கூடத்தில், திரை இறக்காமல், விளக்கை முழுதாக அணைக்காமல் எப்படிச் செய்வது என்பதுதான் மெல்சீனர் முன் இருந்த கணக்கு. அந்தக் கணக்கைப் போட அவரைத் தயார்செய்த பாதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

மெல்சீனர் 1901இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா லியோ உருவப்பட ஓவியர், அம்மா பத்திரிகைக்கு எழுதியவர். 1909இல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் ஓவியம் படித்தார். அண்ணன் கென்னத் மெக்கென்னா என்ற பெயரில் நடிகராகிவிட்டிருந்தார். அவர் மூலமாகத்தான் 1921 வாக்கில் டெட்ராய்ட்டில் ஜெஸ்ஸி பான்ஸ்டெல் நடத்திய ஸ்டாக் கம்பெனிக்கு இவர் போனார். ஸ்டாக் கம்பெனி என்றால் ஒரே ஊரில் தங்கி, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று விடாமல் நாடகம் போடும் குழு. அங்கே வேலைப் பிரிவினை கிடையாது. காலையில் படுதாவுக்குச் சாயம் பூசியவர் மாலையில் இரண்டு வரி பேசி நடிப்பார், இடையில் மேடை மேலாளராக நின்று ‘இப்போது விளக்கு, இப்போது கதவு’ என்று குறிப்புக் கொடுப்பார். அடுத்து நியூயார்க்கின் தியேட்டர் கில்ட் என்ற நாடகத் தயாரிப்பு அமைப்பில் இதே கலவையான வேலை: சின்ன வேடங்கள், மேடை மேலாண்மை, ராபர்ட் எட்மண்ட் ஜோன்ஸ், லீ சைமன்சன் போன்ற வடிவமைப்பாளர்களிடம் கற்றல். 1924 அக்டோபரில் ‘தி கார்ட்ஸ்மேன்’ நாடகத்துக்கு செட் போட்டது பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் வணிக நாடக வட்டாரத்தில், அவருடைய முதல் வடிவமைப்பு. அதில் நடித்தவர்கள் ஆல்ஃபிரட் லன்ட், லின் ஃபான்டான் தம்பதி.

ஆக, நடிகராக அவர் பெயர் வாங்கியவர் அல்லர். அந்த வாழ்க்கை மூன்று, நான்கு வருடங்களுக்குள் முடிந்துவிட்டது. ‘நடிகராக இருந்து வடிவமைப்பாளரானவர்’ என்ற வரி உண்மைதான், ஆனால் அதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டால் தவறான படம் கிடைக்கும். என் கணிப்பில், நடித்ததைவிட மேடை மேலாளராக நின்றதுதான் அவருக்கு அதிகம் கொடுத்தது. இது அவர் படைப்புகளைப் பார்த்து நான் ஊகிப்பது, நிரூபிக்கக்கூடியது அன்று. ஓவியர் ஒரு செட்டை ஒரு படமாகப் பார்ப்பார். மேடை மேலாளர் அதையே இரண்டரை மணி நேரமாகப் பார்ப்பார்: எந்த வரியில் எது மாறுகிறது, மாற எத்தனை விநாடி ஆகிறது, அந்த விநாடிகளில் நடிகர் இருட்டில் எதில் இடித்துக்கொள்வார். மெல்சீனரின் நல்ல வேலைகள் எல்லாமே இரண்டாவது வகை.

அவருக்கு யதார்த்தமான செட் வராது என்று நினைத்துவிடாதீர்கள். 1929இல் எல்மர் ரைஸின் ‘ஸ்ட்ரீட் சீன்’ நாடகத்துக்கு நியூயார்க்கின் ஒரு பழைய குடியிருப்புக் கட்டடத்தின் முகப்பை மேடை நிறையக் கட்டினார். படிக்கட்டு, சன்னல்கள், நடைபாதை என்று எல்லாம் கெட்டியாக இருந்தன. 601 காட்சிகள் அதன் முன்னால்தான் நடந்தன. 1935இல் ‘வின்டர்செட்’டுக்கு ஒரு பெரிய பாலத்தின் அடியை நிறுத்தினார். இந்தக் கெட்டித்தனத்திலிருந்து அவர் மெல்ல மெல்லக் கரைந்து வெளியே வந்ததைத்தான் நாற்பதுகளில் பார்க்கிறோம். நடுவில் போர்க் காலத்தில் ராணுவ விமானப் படையில் உருமறைப்பு நிபுணராக வேலை செய்தார். ஒரு பொருளை இல்லாததுபோல் காட்டும் தொழில் அது. அதற்கும் அவருடைய பிற்கால மேடைகளுக்கும் தொடர்பு சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போருக்கு முன்பே ஜோன்ஸ் வழியாக அந்தச் சிந்தனை அவரிடம் வந்துவிட்டது.

அடுத்த படி நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ். 1944 டிசம்பர் 26 அன்று சிகாகோவில் தொடங்கி 1945 மார்ச் 31 அன்று நியூயார்க் வந்த ‘தி கிளாஸ் மெனாஜெரி’, 1947 டிசம்பர் 3 அன்று தொடங்கிய ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ இரண்டுக்கும் செட்டும் ஒளியும் மெல்சீனர். முதல் நாடகத்தில் ஊடுருவித் தெரியும் சுவரை வில்லியம்ஸே கேட்டிருந்தார். இரண்டாவதன் பத்தாம் காட்சியில், அறையின் பின்சுவர் தெளிந்து அதன் வழியே தெரு தெரிகிறது என்று பிரதியிலேயே ஒரு வரி வருகிறது. சுவருக்குள்ளே ஒரு பெண்ணுக்குக் கேடு நெருங்கிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு வெளியே தெருவில் வேறொரு அடிதடி நடப்பதை நாம் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். ஊடுருவும் சுவர் ‘சேல்ஸ்மேன்’ நாடகத்தில்தான் பிறந்தது என்று சிலர் எழுதுவது தவறு. சல்லாத் துணி உத்தி பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைநாடக மேடைகளிலேயே வழக்கத்தில் இருந்தது. மெல்சீனர் அதை மாயாஜாலத்திலிருந்து எடுத்து மனித மனத்தின் பக்கம் திருப்பினார்.

அந்தத் துணி எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் மீதி எல்லாம் எளிது. கொசுவலை போன்ற நெசவு, நூலைவிட ஓட்டை அதிகம். முன்பக்கமிருந்து சாய்வாக, உச்சியிலிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் அடித்தால் நூல்கள் ஒளியைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருட்டாக இருந்தால் கண்ணுக்கு அது கெட்டிச் சுவர். முன் வெளிச்சத்தைக் குறைத்துப் பின்னால் இருப்பதற்கு வெளிச்சம் கொடுத்தால் சுவர் மறைந்து உள்ளே இருப்பவர் தெரிவார். இரண்டையும் ஒரே வேகத்தில் மாற்றினால் சுவர் கரைவது போலிருக்கும். சொல்ல இவ்வளவுதான். செய்யும்போது கெடுவதற்கு நிறைய வழிகள் உண்டு. கூடத்தின் எதிர்ப்புறத்திலிருந்து மட்டமாக வரும் விளக்கு ஓட்டைகள் வழியே நேராகப் புகுந்து, காட்டக் கூடாததைக் காட்டிவிடும். அதனால் சல்லாவுக்கு முன்விளக்கு செங்குத்தாகவோ பக்கவாட்டிலோதான் வர வேண்டும், பின்னால் ஒரு கறுப்புத் திரையும் தயாராகத் தொங்க வேண்டும், வெளிப்படுத்தும் நொடிக்குச் சற்று முன்பு அதை விலக்கிவிட வேண்டும். துணி மேல் ஓவியம் வேண்டுமென்றால் நீர்த்த சாயம்தான். கெட்டிப் பெயின்ட் ஓட்டையை அடைத்துவிடும், அடைத்த இடம் எந்த வெளிச்சத்திலும் கரையாது. கீழ் ஓரத்தில் குழாய் செருகி இழுத்துக் கட்டாவிட்டால் ஒரு சுருக்கம் போதும், சுவர் துணியாகிவிடும். நடிகர்களுக்கு அடிக்கும் வெளிச்சம் தரையில் பட்டுத் தெறித்து அதன் மேல் விழுந்தாலும் பால் படிந்தது போல் மங்கும்.

‘சேல்ஸ்மேன்’ வீட்டின் பெரும்பகுதிக்கு இந்தத் துணிகூடத் தேவைப்படவில்லை. கூரையின் கோடு, வாசலின் சட்டம், சன்னலின் உருவரை ஆகியவை மட்டும் இருந்தன. சுவர்களைப் பார்வையாளர் மனதில் கட்டிக்கொண்டார்கள். சமையலறை நடுவில், அங்கே மேசை, மூன்று நாற்காலி, ஒரு குளிர்சாதனப் பெட்டி. வலப்பக்கம் பெற்றோரின் அறை இரண்டடி உயரத்தில். சமையலறைக்குப் பின்னால், ஆறரை அடி உயரத்தில், இரண்டு மகன்களின் அறை. இந்த அளவுகள் அச்சுப் பிரதியிலேயே இருக்கின்றன, அதுவே இது மேடையிலிருந்து எடுத்த குறிப்பு என்பதற்கு நல்ல சாட்சி. எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘மாடியறை’ என்று எழுதினால் போதும். ஆறரை அடி என்று அளந்து சொல்பவர் தச்சருக்கு வரைபடம் கொடுத்தவர்தான்.

ஏன் ஆறரை? உண்மையான வீட்டில் மாடி எட்டு, ஒன்பது அடிக்கு மேலே இருக்கும். அந்த உயரத்தில் கட்டினால் முன்வரிசைக்காரர்களுக்குக் கட்டிலின் அடிப்பாகம்தான் தெரியும். மேல்மாடத்தில் இருப்பவர்களுக்கு மகன்களின் தலையை, படச்சட்டம்போல் மேடையைச் சூழ்ந்த வாயிலின் மேல்விளிம்பு வெட்டிவிடும். ஐந்தடிக்கு இறக்கினால் அது மாடியாகத் தோன்றாது, கீழே ஆளும் நிற்க முடியாது. இவை நடுவே நிற்கும் எண் அது. இரண்டடி என்பதும் அப்படித்தான்: மூன்று படியில் ஏறிவிடலாம், பேசிக்கொண்டே ஏறினாலும் நடிகருக்கு மூச்சு வாங்காது, ஆனால் ‘வேறு அறை’ என்று கண் ஒத்துக்கொள்ளும்.

மாடி உயரத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. முதல் அங்கத்தில் பிஃப், ஹாப்பி என்ற இரண்டு மகன்களும் வளர்ந்த ஆண்களாக, இரவு உடையில், மேலே கட்டிலில் படுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே பள்ளிப் பருவப் பையன்களாக, வேறு உடையில், கீழே முற்றத்தில் ஓடி வர வேண்டும். இருவரும் படுக்கையை விட்டு எழுந்ததைப் பார்வையாளர் பார்த்துவிட்டால் நினைவு என்ற மாயை போய்விடும். மெல்சீனர் கட்டில்களுக்குள்ளேயே இறங்கு தளம் வைத்தார். நடிகர்கள் படுத்தபடியே கீழே இறக்கப்பட்டார்கள், மேலே போர்வை குலையாமல் ஆள் படுத்திருப்பது போலவே இருந்தது. ஆறரை அடி உயரம் இல்லாவிட்டால் இறங்குவதற்கு இடமிருந்திருக்காது. இதில் சிக்கல் சத்தம்தான். மேலே ஒரு கிறீச்சொலி வந்தால் கூடமே அண்ணாந்து பார்க்கும். அதனால் அந்த நேரத்தில் கவனம் முழுக்கக் கீழே சமையலறையில் இருக்க வேண்டும்.

அங்கே என்ன நடக்கிறது என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அப்பா வில்லி லோமன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, துழாவி, ஒரு பால் பாட்டிலை எடுக்கிறான். பின்னாலிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் மங்குகின்றன. வீட்டின் மேலும் சுற்றிலும் இலை நிழல்கள் படர்கின்றன. இசை மெல்ல நுழைகிறது. வில்லி தனக்குத்தானே முனகிக்கொண்டு பாலை டம்ளரில் ஊற்றுகிறான், பெண்கள் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மகனுக்குப் புத்தி சொல்கிறான், குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, சமையலறைச் சுவர் இருக்கும் திசையைப் பார்த்து, அங்கே யாரோ நிற்பது போலப் பேசுகிறான். அப்புறம் பையன்கள் அங்கிருந்தே வருகிறார்கள். அரைப்பக்க வசனம். அந்த அரைப்பக்கத்துக்குள் இரண்டு பேர் கீழிறங்கி, உடை மாற்றி, பக்கத்திரைக்குப் போய்ச் சேர வேண்டும், வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் காலத்தை மாற்ற வேண்டும். ஒரு பால் பாட்டில் எல்லாவற்றையும் மறைத்துக்கொடுக்கிறது. எழுத்தும் இயக்கமும் மேடையமைப்பும் எங்கே பிரிகின்றன என்று இந்த இடத்தில் கோடு போட முடியாது, போட வேண்டியதும் இல்லை.

இலைகள் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். பின்னால் தொங்கிய பெரிய படுதா வெளுக்காத கோராத் துணி, ஒளி ஊடுருவும் வகை. கட்டடங்கள் அதில் வரையப்பட்டிருந்தன. இந்த மாதிரிப் படுதாவில் ஒளி கசிய வேண்டிய இடத்துக்குச் சாயம், தடுக்க வேண்டிய இடத்துக்குக் கெட்டிப் பெயின்ட் என்று பிரித்துத் தீட்டுவார்கள். பின்னாலிருந்து விளக்கு போட்டால் சாயமிட்ட பகுதி உயிர் பெறும். பின்விளக்கு துணிக்கு மிக அருகில் இருந்தால் ஒவ்வொரு பல்பும் ஒரு வட்டமாகத் தெரிந்துவிடும், குறைந்தது நான்கைந்து அடியாவது தள்ளி இருக்க வேண்டும். துணியின் தையலும் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும், அதனால் தையல் எங்கே விழும் என்பதைப் படம் வரையும்போதே கட்டடத்தின் ஏதாவது ஒரு கோட்டில் ஒளித்துவிடுவார்கள். இந்தக் கட்டடங்களின் ஒளியை வடியவிட்டு, ஒளிவீழ்த்திகளால் இலை வடிவங்களை வீட்டின் மேலும் பின்னாலும் வீழ்த்தினார் மெல்சீனர். நகரம் வருவதற்கு முன்பு அந்தத் தெருவில் மரங்கள் இருந்த காலம் அப்படித் திரும்பி வந்தது.

இதில்தான் நடிகர்களுக்குச் சங்கடம். 1949இன் ஒளிவீழ்த்திகள் மங்கலானவை. நடிகர் முகத்துக்கு அடிக்கும் விளக்கு கொஞ்சம் படுதா மேல் சிந்தினாலும் இலைகள் காணாமல் போய்விடும். அதனால் நடிப்பிடங்களுக்கு விளக்கு செங்குத்தாக, குறுகலாக, சின்னச் சின்ன வட்டங்களாக வர வேண்டியிருந்தது. நடிகர் அரையடி தள்ளி நின்றால் முகம் இருட்டு. வில்லியாக நடித்த லீ ஜே. காப் போன்ற பெரிய உருவமுள்ள நடிகர் இந்த வட்டங்களுக்குள் ஆத்திரப்பட்டு, தள்ளாடி, சரிந்து, ஆனாலும் குறித்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். தானே மேடையில் நின்று கண்கூசும் விளக்கைத் தேடிய அனுபவம் உள்ளவர் இதைத் திட்டமிடுவதற்கும், வெறும் வரைபடத்தில் வட்டம் போடுபவர் திட்டமிடுவதற்கும் வித்தியாசம் இருக்கும். நடிப்பு அவருக்கு உதவியதா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் துணிந்து சொல்லக்கூடிய இடம் இதுவே.

அந்தக் காலத்து பிராட்வேயில் விளக்குகளைக் கட்டுப்படுத்தியது கம்பிச்சுருள் டிம்மர்கள். பெட்டி பெட்டியாக மேடையின் ஓரத்தில் வைத்து, மின்பணியாளர்கள் நின்றுகொண்டு கைப்பிடிகளைக் கையாலும் முழங்கையாலும் நகர்த்துவார்கள். கணினிப் பலகை அங்கே வருவதற்கு 1975 ஆக வேண்டியிருந்தது. ‘கட்டடங்கள் மங்குகின்றன’ என்ற ஒரு வரிக்குப் பின்னால் பல கைகள் ஒரே மூச்சில் நகர்ந்திருக்கின்றன. இன்னொரு தொல்லையும் உண்டு: பல்பை மங்கவைத்தால் அது மஞ்சளாகி, அப்புறம் சிவக்கும். நீல நிறத்தாள் போட்ட விளக்கைக் குறைத்தால் நீலம் அழுக்காகிவிடும். வீட்டின் மேல் வானத்தின் நீலமும் சுற்றிலும் கோபமான ஆரஞ்சு நிறமும் என்று பிரதி சொல்கிறதே, அந்த நீலத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள ஒரு வழி, ஒரு விளக்கைக் குறைப்பதற்குப் பதில் பல விளக்குகளை வைத்துச் சிலவற்றை மட்டும் எரியவிடுவது. மெல்சீனர் தன் நாடகங்களுக்குப் பெரும்பாலும் ஒளியையும் தானே அமைத்தார், செஞ்சுரி லைட்டிங் நிறுவனத்தின் எட்வர்ட் குக் அவருக்கு நெடுங்காலத் துணை. செட் ஒருவர், ஒளி வேறொருவர் என்று பிரிந்திருந்தால் இந்த மேடை அமைந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இத்தனை வேலைக்கு நேரம் வேண்டும் என்று அவர் கேட்டதால் தயாரிப்பையே தள்ளிப்போட்டார்கள்.

புகைப்படங்களைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பரவலாகக் கிடைப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவை படம் எடுப்பதற்காக வெளிச்சம் கூட்டப்பட்ட நிலையில் எடுக்கப்படுவது வழக்கம், அதனால் வீடு உண்மையில் இருந்ததைவிடக் கெட்டியாகவும் பளிச்சென்றும் தெரியும். மெல்சீனரின் வண்ண ஓவியங்கள் அதற்கு நேரெதிர்: அவை மேடையைவிட மென்மையானவை, ஏனென்றால் அவை இயக்குநரையும் தயாரிப்பாளரையும் சம்மதிக்க வைக்க வரைந்தவை. நிஜமான மேடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

‘சேல்ஸ்மேன்’ தொடங்கி இரண்டே மாதத்தில், 1949 ஏப்ரல் 7 அன்று, அவருடைய ‘சவுத் பசிஃபிக்’ தொடங்கி 1,925 காட்சிகள் ஓடியது. அந்தப் பருவத்தின் ஐந்து நாடகங்களுக்கும் சேர்த்து அவருக்கு டோனி விருது கொடுத்தார்கள். அடுத்து ‘கைஸ் அண்ட் டால்ஸ்’, ‘தி கிங் அண்ட் ஐ’, 1959இல் ‘ஜிப்சி’ என்று பெரிய இசைநாடகங்கள். மொத்தம் 200க்கு மேற்பட்ட தயாரிப்புகள். 1976இல் இறந்தார். இசைநாடகங்களில் அவர் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்: ஒரு காட்சி முடிந்து திரை இறங்கிக் காத்திருக்காமல், ஒன்று கரையும்போதே அடுத்தது தோன்றுவது. அவற்றைப் பற்றித் தனியாக எழுத நிறைய இருக்கிறது, உங்கள் கேள்விக்கு வெளியே போய்விடும். நியூயார்க்கின் லிங்கன் கலை மையத்தில் 1965இல் திறந்த விவியன் போமான்ட் அரங்கைக் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினனுடன் சேர்ந்து வடிவமைத்தவரும் இவர்தான். படச்சட்ட மேடையாகவும் முன்னே நீளும் மேடையாகவும் இரண்டுக்கும் உதவ வேண்டும் என்று கட்டிய அந்த அரங்கு பல இயக்குநர்களைத் திணறடித்தது. அவருடைய எல்லா முயற்சிகளும் வெற்றி அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ‘கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்’ நல்ல உதாரணம். 1955இல், அதே மொராஸ்கோ அரங்கில், அதே கசான், அதே மெல்சீனர். அங்கே வில்லியம்ஸ் வடிவமைப்பாளருக்கென்றே தனிக் குறிப்பு எழுதி, சுவர்கள் மேலே போகப் போகக் காற்றில் கரைய வேண்டும், அறைக்குக் கூரையாக வானம் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மெல்சீனர் அதை இன்னும் ஒரு படி தள்ளி, பார்வையாளரை நோக்கி மூலை நீட்டி நிற்கும் ஒரு சாய்தளமாக்கினார். அதாவது அங்கே எழுத்தாளர் கேட்டது அச்சில் இருக்கிறது, மேடையில் நின்றது அதிலிருந்து விலகியது. ‘சேல்ஸ்மேன்’ நாடகத்தில் மேடையில் நின்றதே அச்சுக்குப் போனது. பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு யார் எதைச் செய்தார் என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. புத்தகத்தை மறுபடி எடுத்து, பென்சிலால் மேடைக்குறிப்புகளை இரண்டு வகையாகக் குறியுங்கள்: ஒருவர் எப்படி உணர்கிறார் என்று சொல்பவை ஒரு வகை, ஒரு பொருளோ வெளிச்சமோ எப்படி வருகிறது என்று சொல்பவை இன்னொரு வகை. முதல் வகை மில்லரின் மேசையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம், இரண்டாவது மொராஸ்கோவின் மேடையிலிருந்து. முதலாளி ஹோவர்ட் ஒரு சின்ன டைப்ரைட்டர் மேசையில் கம்பி ஒலிப்பதிவுக் கருவியை உருட்டிக்கொண்டு வருகிறான்: ஓர் அலுவலகமே நான்கு சக்கரத்தில் வந்துவிடுகிறது. உணவகக் காட்சிக்கு வலப்பக்கம் ஒரு சிவப்பு ஒளி எழ, பரிமாறும் ஸ்டான்லி மேசையைத் தூக்கி வருகிறான், ஹாப்பி இரண்டு நாற்காலியைத் தூக்கி வருகிறான். காட்சியை மாற்ற ஆள் தேவைப்படவில்லை, பாத்திரங்களே மாற்றிவிடுகிறார்கள், அந்த வேலையும் நடிப்பாகிவிடுகிறது. பாஸ்டன் விடுதியில் வில்லியோடு இருந்த பெண் முதலில் சிரிப்பாகக் கேட்கிறாள், அப்புறம் இடப்பக்கம் சல்லாத் துணிக்குப் பின்னால் உடுத்திக்கொள்பவளாகத் தெரிகிறாள். நிகழ்காலத்தில் கதவு வழியாக மட்டும் நுழைகிறவர்கள், கடந்த காலத்தில் இல்லாத சுவரைத் தாண்டி முன்மேடைக்கு வருகிறார்கள். கடைசியில் வில்லியின் கல்லறைக்குப் போகும்போதும் அதே சமையலறைச் சுவர்க் கோட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். வில்லியின் மனைவி லிண்டா முன்மேடையில் பூவை வைத்துவிட்டு எழுந்து போன பின், மேடை இருண்டு குழலோசை மட்டும் மிஞ்ச, வீட்டுக்கு மேலே அடுக்குமாடிக் கோபுரங்கள் கூர்மையாக எழுந்து நிற்கின்றன என்று கடைசிக் குறிப்பு சொல்கிறது. அந்தக் கோராப் படுதாவின் வெளிச்சத்தை, மற்ற எல்லாம் அணைந்தபின், ஒரு மின்பணியாளர் கையால் மேலே ஏற்றிய நேரம் அது.